மொட்டையன் முற்றம்

ஒர்பாளின் கோபத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் பெருக்கி வைத்த வாசலில் பாக்கு எச்சிலைத் துப்பினால் போதும். எங்கள் ஊரில் பாக்கு மெல்லாத வாய் கிடையாது, அவளும் மெல்லுவாள். ஆனாலும் அந்த வாசலில் மட்டும் எவரும் துப்புவதில்லை. ஒருமுறை சொரோங் நகரத்திலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் விவரம் தெரியாமல் துப்பிவிட்டார். ஒர்பாள் ஒரு கொட்டாங்குச்சியை அவர் கையில் கொடுத்தாள். சிவந்த மணலை அதில் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிட்டு வந்த பிறகுதான் அவருக்கு உட்காரப் பாய் விரித்தாள். ஊர் அவளுக்கு மிளகாய் என்று பெயர் வைத்திருந்தது. அதை முகத்துக்கு நேராகச் சொல்லுகிற துணிச்சல் அவள் தம்பி லாமெக்குக்கு மட்டும் இருந்தது.

ஒர்பாள் என்பது அவள் அப்பா வேதப் புத்தகத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு வைத்த பெயர். வேதத்தில் வரும் ஒர்பாள் மாமியாரோடு பாதி வழி வந்து, அழுது, முத்தம் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனவள். எங்கள் ஒர்பாள் பிறந்ததிலிருந்து எந்த வழியிலும் திரும்பியதில்லை. சின்ன வயதில் தம்பியோடு துடுப்புக்குச் சண்டை போட்டு, துடுப்பு இரண்டாக ஒடிந்த பிறகும் தன் கையிலிருந்த பாதியை விடாதவள். அவள் கணவர் சிம்சோனுக்கு ஒரு காது கேட்காது. மற்றக் காதை அவரே மூடிக்கொண்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே வலை முடைவார்.

இந்த வைகியோ தீவில் அவளுக்கு ஈடான கோபக்காரன் ஒருவன்தான் இருந்தான். அவன் பறவை.

ஊருக்குப் பின்னால் ஓடையைத் தாண்டினால் மேட்டுக்காடு. அங்கேதான் மொட்டையன் இருந்தான். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. சிவந்த முதுகு, பிடரியில் மஞ்சள் போர்வை, சுருட்டிவிட்ட இரண்டு வால் கம்பிகள். தலையில் மட்டும் ஓர் இறகு கிடையாது, நீலமான வழுக்கை. இவனைப் பார்க்கத்தான் உலகத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் கப்பலேறி வருகிறார்கள். வெளியாட்கள் சொர்க்கப் பறவை என்கிறார்கள்; நாங்கள் மொட்டையன் என்போம். ஒரு பாய் விரிக்கிற அளவு தரை அவனுக்கு முற்றம். விடிந்ததும் இறங்கி வந்து, இரவில் விழுந்த இலை தழை அத்தனையையும் அலகால் கவ்விக் கவ்வி வெளியே வீசுவான். வெளிச்சத்தை மறைக்கிற இலை தலைக்கு மேலே இருந்தால் அதையும் பிய்த்துப் போடுவான். முற்றம் துப்புரவாக இருந்தால்தான் பெட்டை வந்து எட்டிப் பார்க்கும். ஒர்பாள் விறகுக்குப் போன இடத்தில் முதன்முதலாக அவனைக் கண்டபோது, ஒற்றை இலைக்காக அவன் அப்படிக் கத்தித் தீர்த்துக்கொண்டிருந்தான். நம்ம ரகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெளியாட்கள் வரத் தொடங்கியபோது, மேட்டுக்காடு ஒர்பாளின் குலத்துக்குச் சொந்தம் என்பதால், வழிகாட்டுகிற வேலை அக்காவுக்கும் தம்பிக்கும் வந்து சேர்ந்தது. லாமெக் படகில் அழைத்து வருவான். ஒர்பாள் காட்டுக்குள் கூட்டிப் போவாள். வழிகாட்டி என்றால் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள். விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராக மோந்து பார்ப்பாள். வாசனைத் திரவியம் பூசியிருந்தால் ஓடையில் கழுவிவிட்டு வரவேண்டும். பறக்கும் கேமராவைக் கொண்டுவந்த ஒருத்தனிடமிருந்து அதைப் பிடுங்கி, எங்கள் அன்றாடச் சாப்பாடான சேகோ மாவுப் பானைக்குள் போட்டு மூடி, அவன் கப்பலேறுகிற அன்றுதான் திருப்பிக் கொடுத்தாள். முற்றத்தைப் பார்க்கக் கட்டிய ஓலை மறைப்புக்குள் உட்கார்ந்தவர்கள் தும்மலைக்கூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தும்ம வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. மொட்டையனின் முற்றத்தில் மனுஷக் கால் படக்கூடாது.

ஆனால் ஒரு காரியத்தை எல்லா வழிகாட்டிகளும் செய்வார்கள், அவளும் செய்தாள். இருட்டு பிரிவதற்குள், முற்றத்துக்கு வெளியே நின்றபடி நீளமான குச்சியின் நுனியில் ஓர் இலையைக் குத்தி நடு முற்றத்தில் போட்டுவிடுவாள். மொட்டையன் வருவான். கிளையிலிருந்து இலையைப் பார்ப்பான். யார் போட்டது என்று கேட்பதுபோல நாலு சத்தம் கத்துவான். பிறகு தரையில் இறங்கி அதைக் கவ்வி எறிவான். அந்த நேரத்தில்தான் ஓலைக்குப் பின்னாலிருந்து கேமராக்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். காற்று பத்து இலை தள்ளுகிறது, நாம் ஓர் இலை போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்பது அவள் நினைப்பு. ஓர் இலை, ஒரு காலை, நாலு ஆட்கள். அதற்கு மேல் கிடையாது.

பிறகு ஹெங்கி வந்தான். அவன் வந்திறங்கிய நாளை நினைத்தால் இதைச் சொல்லுகிற எனக்கே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. வெள்ளைக் கப்பல் ஒன்றுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற தரகன். வாயில் எப்போதும் அக்கா அக்கா என்றுதான் வரும். தேன் தடவிய தூண்டில். கப்பலில் வருகிறவர்கள் இருபது பேர், மூன்று தடவையாகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றான். நாலு பேர், அதுவும் காலையில் மட்டும் என்றாள் ஒர்பாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து நேராக லாமெக் வீட்டுக்குப் போனான். அடுத்த தடவை லாமெக்கின் படகில் புது எஞ்சின் பளபளத்தது.

லாமெக் கெட்டவன் இல்லை. இல்லை என்று சொல்லத் தெரியாதவன். சில நேரம் கெட்டவனைவிட அவனால் வருகிற கேடு அதிகம். அக்கா காலையில் நாலு பேரைக் காட்டிலிருந்து இறக்கிக் கூட்டி வந்ததும், மத்தியானம் அவளுக்குத் தெரியாமல் கப்பல் ஆட்களை ஓடை வழியாக ஏற்றிக்கொண்டு போனான். மத்தியான நேரத்தில் மொட்டையனுக்கு முற்றத்தில் வேலை கிடையாது. வந்தாலும் இலையைக் கண் மூடித் திறப்பதற்குள் எறிந்துவிட்டுப் போய்விடுவான். இருபது பேரில் பாதிப் பேருக்கு வால்தான் கிடைத்தது. ஹெங்கி முகத்தைச் சுளித்தான். லாமெக் யோசித்தான். மீன் பிடிக்கிறவன் யோசித்தால் என்ன தோன்றும்?

ஒருநாள் காலை ஒர்பாள் தன் இலையைப் போட்டுவிட்டு, நாலு பேரோடு மறைப்புக்குள் உட்கார்ந்திருந்தாள். மொட்டையன் வந்து அந்த இலையை எறிந்தான். நடுவில் இன்னோர் அகலமான அத்தி இலை கிடந்தது. அதைக் கவ்வி இழுத்தான். வரவில்லை. சுற்றி வந்து வேறு பக்கம் கவ்வினான். காலை ஊன்றி, உடம்பு முழுக்க நடுங்க, வாலின் கம்பிகள் மண்ணில் தேய இழுத்தான். மூச்சு வாங்க நின்றான், மறுபடியும் இழுத்தான். பக்கத்தில் கேமராக்கள் ஓயவே இல்லை; ஒரு பெண் சந்தோஷத்தில் ஒர்பாளின் தோளைப் பிடித்து அழுத்தினாள். வெளிச்சம் ஏறியபோது இலையின் காம்பில் ஒரு மினுக்கம் தெரிந்தது. தூண்டில் நரம்பு. இலையைத் தரையில் அறைந்த குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அந்த முடிச்சு அவளுக்குத் தெரியும். அப்பா அவளுக்கும் தம்பிக்கும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்த முடிச்சு.

அடுத்து அவள் செய்ததை எந்த வழிகாட்டியும் செய்யமாட்டான். ஓலை மறைப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். மொட்டையன் அலறிக்கொண்டு பறந்தான். அவள் நடு முற்றத்தில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, குச்சியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். வந்தவர்கள் ஆளுக்கொரு மொழியில் கத்தினார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பிய வேகத்தில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மறுநாள் மொட்டையன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவள் தனியாகப் போய் மறைப்பில் உட்கார்ந்து பார்த்தாள். முற்றத்தில் ஓர் இலை விழுந்து கிடந்தது. பிறகு இரண்டு, பிறகு பத்து. எறிய ஆள் இல்லை. ஒரு வாரத்தில் அது முற்றம் என்று சொல்ல ஓர் அடையாளமும் மிச்சமில்லாமல் மற்றக் காட்டுத் தரையைப்போல ஆகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவள் மலையிறங்கிய வேகத்தில் நேராகக் கடற்கரைக்குப் போனாள். லாமெக் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தான். ஊரில் பாதி அங்கேதான் மீன் பிரித்துக்கொண்டிருந்தது.

"ஏன்டா, அவன் என்ன உன் தூண்டில்ல மாட்டுன மீனா? நரம்பு கட்டி வச்சிருக்க. மூச்சு வாங்க வாங்க இழுக்கறான், உனக்கு அது கூத்தா?"

லாமெக் நிமிரவில்லை. இலையைத்தான் கட்டினேன், அவனைக் கட்டவில்லை, மத்தியானம் கட்டியதை அன்றைக்கு அவிழ்க்க மறந்துவிட்டேன் என்று முனகினான். அத்தனை தூரம் வருகிறவர்களுக்கு வாலை மட்டும் காட்டி அனுப்ப முடியுமா என்றும் கேட்டான். ஒர்பாள் விடவில்லை. எஞ்சினுக்குக் குலத்தை விற்றவன் என்றாள். அப்பாவின் முடிச்சைக் கொண்டுபோய்த் தரகன் காலில் வைத்தவன் என்றாள். அவன் மனைவி வீட்டாரைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த இடத்தில்தான் அவன் நிமிர்ந்தான்.

"நரம்பு கட்டுனது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நான் கட்டுன அத்தன நாளும் அவன் வந்தான்க்கா. அவன் கண்ணு முன்னாலயே முத்தத்துல கால வச்சது யாரு? நீ கால வச்ச அன்னைக்குத்தானே வராமப் போனான்?"

மீன் பிரித்த கைகள் நின்றன. ஒர்பாள் கீழே கிடந்த கூடையை ஓர் உதை விட்டாள். மீன் எல்லாம் மணலில் சிதறியது. வீட்டுக்குப் போய், ஏற்கெனவே பெருக்கிய வாசலை இன்னொரு தடவை பெருக்கினாள். அது போதாமல் பக்கத்து வீட்டு வாசலையும் பெருக்கினாள். அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அன்றோடு தம்பியோடு பேச்சை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எழுந்து நின்று, மேட்டுக்காட்டுக்குச் சாசி கட்ட வேண்டும் என்றாள். சாசி எங்களுக்குப் புதிதில்லை. கடல் அட்டை குறைந்தால் கடலைக் கட்டுவோம். தேங்காய் குறைந்தால் தோப்பைக் கட்டுவோம். ஜெபம் பண்ணித் தென்னங்குருத்தை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிவிட்டால் அவிழ்க்கிறவரை அதற்குள் ஒருவரும் போகக்கூடாது. ஒரு பறவையின் முற்றத்துக்காகக் கட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சபை மூப்பர் சீலாஸ் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். காட்டுக்குச் சொந்தமான குலத்தில் மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஆண்கள் பக்கம் பார்த்துக் கேட்டார். லாமெக் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், வாயைத் திறக்கவில்லை. மூப்பர் ஜெபம் பண்ணி நிபந்தனையையும் சொன்னார். கட்டினவள் காலும் உள்ளே படக்கூடாது. அவிழ்க்க வேண்டுமானால் அக்காவும் தம்பியும் சேர்ந்து வந்து இதே இடத்தில் நின்று கேட்க வேண்டும். ஒர்பாள் ஆமென் என்றது வெளியே படகில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

அப்படியானால் அந்தக் குருத்து மரத்திலேயே மக்கிப் போகும் என்று ஊர் பேசிக்கொண்டது. ஒர்பாள் பழையபடி சேகோ மரம் வெட்டப் போனாள்; சிம்சோன் பிடித்த மீனைப் புகை போட்டாள். வந்த வெளியாட்களை வேறு தீவு பார்க்கச் சொல்லி விரட்டினாள். ஹெங்கி மறுபடியும் வந்தான். இந்தத் தடவை அவளிடம் வரவில்லை, மூப்பரைப் பிடித்தான். கப்பலில் ஒரு முக்கியமான விருந்தாளி, ஒரே ஒரு காலை போதும், பதிலுக்கு ஆலயத்துக்குப் புதுத் தகரக் கூரை என்றான். மூப்பர் நல்லவர், ஆனால் மழைக்காலத்தில் பிரசங்க மேடையில் குடை பிடிக்கிறவர். மெதுவாக ஒர்பாள் வீட்டுக்கு வந்து, மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

ஒர்பாள் சேகோக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை எடுக்காமலே சொன்னாள்.

"கர்த்தரக் கூப்பிட்டுக் கட்டுனீங்க, மூப்பரே. இப்பத் தகரத்துக்காக அவுக்கணும்னா, அவரயே மறுபடியும் கூப்பிட்டு, ஹெங்கிக்கு அவசரமாம், கொஞ்சம் திரும்பிக்கோங்கன்னு ஜெபம் பண்ணுங்க. நான் கண்ண மூடிக்கிட்டுக் கூட நிக்கறேன்."

மூப்பர் களி சாப்பிடாமலே போனார். கூரை பிறகும் ஒழுகியது. அதற்காகச் சில பேர் அவளை வெளிப்படையாகவே திட்டினார்கள். அவள் அவர்களைவிட உரக்கத் திட்டினாள்.

ஆனால் அவளை அரித்தது அவர்கள் பேச்சு இல்லை. மொட்டையன் திரும்பி வந்துவிட்டானா என்பது ஒன்றுதான். வந்திருந்தால், அவனைத் துரத்தியது அவள் கால் இல்லை என்று ஆகும். இல்லை, கால்தான் என்றாலும் அவன் மன்னித்தான் என்று ஆகும். வராமல் போயிருந்தால் லாமெக் கேட்ட கேள்விக்குக் கடைசிவரை பதில் கிடையாது. வாசல் பெருக்கும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான். தென்னங்குருத்து காய்ந்து மஞ்சளாகி, பழுப்பாகிவிட்டது. அதற்கு அப்பால் நூறடியில் முற்றம். போய்ப் பார்க்க அவளுக்கே வழியில்லை. தன் கையால் கட்டிய கட்டு.

அதோடு ஒரு பேச்சும் காதில் விழுந்தது. ஹெங்கி பின்வழியாகக் காட்டுக்குள் கூட்டிப்போக ஆள் தேடுகிறானாம். லாமெக்கின் எஞ்சின் சத்தம் காலை நேரத்தில் கேட்டுப் பல நாளாகிறது. விடிகிற நேரத்தில் அவன் வீட்டிலும் இல்லை, கடலிலும் இல்லை என்றார்கள். ஒர்பாளுக்குச் சேர்த்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ஒருநாள் விடியற்காலையில் சிம்சோனிடம், தம்பியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சொன்னது பாதிதான் உண்மை. திருடனைப் பிடிக்கிற சாக்கில் குருத்தைத் தாண்டி, மறைப்புவரை போய், ஒரே ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்பது மற்றப் பாதி. ஓடையைத் தாண்டும்போது அவளுக்கே அது தெரிந்தது. தெரிந்தும் நடையை எட்டிப் போட்டாள்.

குருத்துக்குக் கீழே லாமெக் உட்கார்ந்திருந்தான். மடியில் வெட்டுக்கத்தி.

"வெட்டுடா பாக்கலாம். குருத்த வெட்டு. அடுத்த வெட்டு என்மேல விழட்டும்."

லாமெக் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினான்.

"ஏன் கத்தற? காட்டுக்குள்ள கத்தக்கூடாதுன்னு நீதான சட்டம் போட்ட."

பிறகு சொன்னான். ஹெங்கியின் ஆட்கள் இரண்டு தடவை வந்தார்கள். கத்தியைக் காட்டித் திருப்பி அனுப்பியாயிற்று. எஞ்சினையும் கழற்றிக் கொண்டுபோய் அந்தக் கப்பலிலேயே ஏற்றிவிட்டான். இப்போது துடுப்புத்தான். அதையெல்லாம் ஏதோ வலை கிழிந்த கதையைப்போலச் சொல்லிவிட்டுக் கத்தியின் முனையால் தரையைக் கீறினான். ஒர்பாள் திட்டுவதற்கு வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறொன்று.

"வந்தானா அவன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? இங்கேருந்து முத்தம் தெரியாது. நானும் இந்தப் பக்கந்தான உக்காந்திருக்கேன்."

"தள்ளு. மறைப்பு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். ஒரு பார்வைதான்."

லாமெக் எழுந்திருக்கவில்லை. கத்தியை எடுத்து வழியில் குறுக்கே வைத்தான்.

"கட்டினவ காலும் படக்கூடாதுன்னு மூப்பர் சொன்னப்ப ஆமென்னு கத்துனது நீதான, மிளகா? அப்பா வச்ச பேருக்கு ஏத்த மாதிரி வாழ்க்கையில ஒரே ஒரு தடவ திரும்பிப் போயேன்."

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. அவனை ஒரு கையால் இழுத்துத் தள்ளிவிட்டுப் போகலாம். சின்ன வயதில் எத்தனையோ தடவை தள்ளியிருக்கிறாள். கையைக்கூடத் தூக்கிவிட்டாள். அப்போதுதான் வெளிச்சம் தரைக்கு வந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி மண், வேர், மரத்தின் அடி எல்லாம் பாக்கு எச்சில். புதுச் சிவப்பு, அதற்குக் கீழே பழைய சிவப்பு, அதற்கும் கீழே மழையில் கரைந்து கறுத்துப்போன கறை. ஒருநாள் இரண்டு நாளில் துப்பிய எச்சில் இல்லை. அவள் பேசாமல் இருந்த அத்தனை காலையும் அங்கே கிடந்தது.

தூக்கிய கை இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

"அசிங்கம் புடிச்சவனே, இது காடா, உன் வீட்டு எச்சிக் கிண்ணமா? பெட்ட வந்து பாத்தா இந்தப் பக்கமாவது எட்டிப் பாக்குமா? நாளைக்கு வரும்போது துடப்பம் எடுத்துட்டு வா. வேரு வரைக்கும் சொரண்டிக் கழுவணும். அவுக்கற வரைக்கும் இந்த எடத்த விட்டு எந்திரிச்ச, கால ஒடிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு ஒர்பாள் திரும்பி நடந்தாள். ஓடைவரை அவள் திட்டுவது லாமெக்குக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.